ராஜ்மாவைத் தின்றது யார்?

போன மாதம் எங்கள் பழைய மொழியியல் துறையிலிருந்து போன் வந்தது. பேசியது ஹரிணி என்ற புது உதவிப் பேராசிரியை. பழைய ஒலிப்பதிவுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்களாம், இடம் பற்றவில்லையாம்.

"மேடம், உங்க கையெழுத்துல 'அழிக்காதே'ன்னு ஒட்டின ஒரு பதிவு கிடைச்சுது. முடிவுப் பக்கமா ஓட்டிக் கேட்டா கும்பலா சிரிக்கிற சத்தம்தான் வருது. அதுவும் கடைசில யாரோ ரகசியமா 'அழிச்சிடு'ன்னு சொல்றாங்க. அழிச்சிடலாமா மேடம்?"

"தொட்டுப் பாரு, பஸ் ஏறி வந்து கையை ஒடிப்பேன்" என்றேன்.

பாவம், அந்தப் பெண் மிரண்டுவிட்டது. அப்புறம் சமாதானமாகி, அப்படியானால் அது என்ன பதிவு என்று துறை மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேட்டது. ஓய்வு பெற்றவளிடம் எழுதச் சொன்னால் கேட்கவா வேண்டும்? அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

நான் சித்தூர்க்காரி. என் நைனா, அதாவது அப்பா, மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் மொழியியல் படிக்கிறேன் என்றபோது அவருக்கே அது என்னவென்று புரியவில்லை. சபையில் யாராவது கேட்டால் "என் பொண்ணு பாஷைக்கு டாக்டர்" என்று சொல்லிவைத்தார். விளைவு, எந்த வெளிநாட்டு விருந்தாளி வந்தாலும் போதகர் என்னைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிடுவார். வந்தவர் கொரியாக்காரராக இருந்தால் எனக்கென்ன தெரியும்? மேடையில் பக்கத்தில் நின்று புன்னகை செய்துவிட்டு இறங்கி வருவேன். படித்தேன், ஆய்வு செய்தேன், நாலு இடத்தில் தற்காலிகமாக வேலை பார்த்தேன், கடைசியில் திருப்பதியில் பல்கலைக்கழக வேலை கிடைத்தது. அதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான். எனக்கு நடந்த விசேஷம் பெத்தாயன.

பெத்தாயன என்பது எங்கள் துறைத்தலைவர். அவர் உண்மைப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தெலுங்கில் பெத்தாயன என்றால் பெரியவர். வாட்ச்மேனிலிருந்து ஆய்வு மாணவர்கள் வரை எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வோம், அவர் காதில் விழாமல். புத்தலப்பட்டுக்காரர். அவர் மனைவி சுசீலாம்மா நகரி ஊர்த் தமிழ்ப் பெண். ஆகவே வீட்டில் எந்த வாக்கியமும் ஒரு பாஷையில் தொடங்கி இன்னொன்றில்தான் முடியும். என்னிடம் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் தெலுங்கு.

அவருக்கு ஒரு குணம். தெரிந்த விஷயத்தை யாராவது கேள்வியாகக் கேட்டால் அவரால் தாங்க முடியாது.

காலையில் அவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் படியேறி வருவார். எங்கள் அட்டெண்டர் ஓபுலேசு மரியாதையாக எழுந்து நின்று, "சார், வந்துட்டீங்களா?" என்பான். பெத்தாயன நின்றுவிடுவார். "ஏன்டா, நான் வந்திருக்கறது உனக்குத் தெரியலையா?" திட்டுவதற்காகக் கேட்கிறார் என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை, நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்பார், இவனுக்குக் கண்ணில் ஏதாவது கோளாறோ என்று. ஒருமுறை ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்ணின் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு "சார், சாப்பிட்டீங்களா?" என்றார். இவர் வாயில் பீடாவோடு, "நீங்கதானேய்யா எனக்கு ரெண்டாவது தடவை சாம்பார் ஊத்தினீங்க?" என்றார். மனிதர் சம்பந்தி எதிரில் திருதிருவென்று விழித்தார்.

"தெரியாததைக் கேட்டாதான் கேள்விம்மா. தெரிஞ்சதைக் கேட்டா அது பரீட்சை" என்பார் என்னிடம். அவருடைய ஆராய்ச்சியே இதுதான் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

ஹரிணிக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யாராவது "பாலைக் குடித்தது யார்?" என்று கேட்டால், பதிலில் பால் பழைய செய்தி, குடித்த ஆள்தான் புதுச் செய்தி. அந்தப் புதுச் செய்தியைத் தூக்கிக் காட்ட ஒவ்வொரு மொழியும் ஒரு வழி வைத்திருக்கிறது. நாம் "பாலைப் பூனைதான் குடித்தது" என்று ஆளை வினைச்சொல்லுக்கு முன்னால் ஒட்டி உட்கார வைப்போம். ஆப்பிரிக்காவில் பாண்டு மொழிகள் என்று ஒரு பெரிய குடும்பம். அதில் பல மொழிகளில் வினைக்கு அடுத்த இடம்தான் முக்கியமான இடம். புருண்டி நாட்டின் கிருண்டி மொழியில் இன்னும் ஒருபடி மேலே போய், பாலை முன்னால் வைத்து, வினைச்சொல்லையும் பாலுக்கு ஏற்ற மாதிரி மாற்றி, குடித்த ஆளைக் கடைசியில் வைப்பார்கள். வார்த்தைக்கு வார்த்தை தமிழில் போட்டால் "பால் பிள்ளைகளைக் குடித்தது" என்கிற மாதிரி வரும். கேட்பவருக்கு அர்த்தம், குடித்தது பிள்ளைகள்தான், வேறு யாருமில்லை என்று.

ரேவதி இதைக் கருத்தரங்கில் முதல்முறை சொன்னபோது பின்வரிசை முழுக்கச் சிரித்தது. ரேவதி பெத்தாயனவின் மாணவி. சத்தியவேடு பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். வீட்டில் முதல் பட்டதாரி. ராப்பகலாக உழைத்து கிருண்டியே ஓரளவு பேசக் கற்றுக்கொண்டவள். அந்த வாக்கிய அமைப்புதான் அவள் ஆய்வேட்டின் உயிரான அத்தியாயம்.

ஆய்வேடு திரும்பி வந்துவிட்டது. சென்னையிலிருந்த புறத்தேர்வாளர் எழுதியிருந்தார்: "இதிலுள்ள எந்தக் கேள்வியையும் யாரும் உண்மையில் கேட்கவில்லை. ஆய்வாளர் பட்டியலைப் படிக்கிறார், தகவலாளர் மொழிபெயர்க்கிறார். கேட்பவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதற்கு ஆதாரமில்லை. மறுபடி பதிவு செய்க, இல்லையேல் இந்த அத்தியாயத்தை நீக்குக."

நீக்கினால் மிச்சம் முன்னுரையும் நன்றியுரையும்தான். குப்பம் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஒரு விரிவுரையாளர் வேலை ஏறத்தாழ முடிவாகியிருந்தது, பட்டம் கையில் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். பட்டம் வராவிட்டால் அந்த வைகாசியிலேயே தாய்மாமன் மகனுக்குக் கட்டிவைப்பது என்று வீட்டில் பேசிவைத்திருந்தார்கள். அவளுக்குக் கிருண்டி பேசிக் காட்டிவந்த ஒரே தகவலாளர் மாதக் கடைசியில் ஊருக்கு விமானம் ஏறுகிறார்.

பெத்தாயன அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ஊரையே திருத்திய கேள்விக்காரர், தன் மாணவியே பரீட்சை நடத்தியதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறார். "சரே" என்று எழுந்தார். "நெஜமான கேள்வி கேக்கலாம்."

தகவலாளரின் பெயர் இன்னோசென்ட். நிஜப் பெயரே அதுதானாம், அவர்கள் ஊரில் சகஜமாம். வேளாண்மை முதுகலை படிக்க வந்தவர். நல்ல உயரம், நிதானமான ஆங்கிலம், ஞாயிறு தவறாமல் மாதா கோயில். பொய் மட்டும் அவர் வாயில் வராது. "ஆடு செடியைத் தின்றது என்பதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று ரேவதி கேட்டால், "எந்த ஆடு? நான் பார்க்கவில்லையே" என்பார். முதல் சுற்றில் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தவர், இந்தச் சுற்றில் ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: "நடந்தால் சொல்கிறேன்."

"நடத்திடலாம்" என்றார் பெத்தாயன.

இப்படியாக எங்கள் ஒலிப்பதிவு அறை நாடகக் கொட்டகை ஆயிற்று. அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவரெல்லாம் இலவம்பஞ்சு மெத்தை. பதிவின்போது மின்விசிறி போடக் கூடாது. ரயில் கூவினால் நிறுத்த வேண்டும், மயில் கத்தினால் நிறுத்த வேண்டும், பக்கத்துக் காலனியில் கோயில் மைக் தொடங்கினால் அன்றைய வேலை அவ்வளவுதான். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவேன். முதலில் இன்ன நாள், இன்ன இடம், அறையில் இன்னின்னார் என்று சொல்லிப் பதிய வேண்டும். அதன்பிறகு தும்மினாலும், நாற்காலி விழுந்தாலும், யார் யாரைத் திட்டினாலும் எதையும் அழிக்கக் கூடாது. "சொன்னது சொன்னதுதான். நீ யாரு அழிக்க?" என்பார் பெத்தாயன. நிமிடத்துக்கு ஒருதரம் கண்ணாடியைத் தட்டி, "ரெகார்டர் ஓடுதா?" என்பார். அந்தக் கேள்விக்கு மட்டும் அவருக்கு எப்போதுமே பதில் தெரியாது.

ஏற்பாடு இதுதான். உள்ளே ஒரு சம்பவம் நடக்கும். இன்னோசென்ட் வாயைத் திறக்காமல் பார்ப்பார். கிருண்டி பேசுகிற இன்னொருவர் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருப்பார். சம்பவம் முடிந்ததும் அவரைக் கூப்பிடுவோம். அவர் வந்து, யார் செய்தது என்று கேட்பார். அவருக்கு நிஜமாகவே தெரியாது. அந்த இன்னொருவர் எஸ்பெரான்ஸ். சித்தூரில் நர்சிங் படிக்கிற பெண், சிரித்த முகம், பயணப்பட்டு இதற்காகவே பஸ்ஸில் வந்திருந்தது.

முதல் சம்பவம், பூனை பால் குடிக்க வேண்டும். கேன்டீன் பூனையைப் பிடித்து வந்து கிண்ணத்தின் முன்னால் விட்டோம். அது பாலைப் பார்த்தது, பெத்தாயனவைப் பார்த்தது, மெத்தைச் சுவரில் ஏறிப் பஞ்சைப் பிய்த்துவிட்டு ஓடிப்போய்விட்டது.

"ஓபுலேசு, நீ குடி" என்றார் பெத்தாயன.

"நானா சார்?"

"குடிக்கற மாதிரி நடிக்காதே. குடி."

குடித்தான். எஸ்பெரான்ஸ் உள்ளே வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில், "பாலை யார் குடித்தது?" என்று அவர்கள் பாஷையில் கேட்டது.

"ஓபுலேசு" என்றார் இன்னோசென்ட்.

அவ்வளவுதான். ஒரே சொல். வாக்கியமே இல்லை. யார் என்று கேட்டால் உலகத்தில் எவரும் ஒரு சொல்லில்தான் பதில் சொல்வார்கள், அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் ஒற்றைச் சொல்லில் எது முன்னால், எது பின்னால் என்று ரேவதி எதை ஆராய்வாள்? மறுபடி. ஓபுலேசு வாழைப்பழம் தின்றான். "ஓபுலேசு." இட்லி தின்றான். "ஓபுலேசு." முறுக்கு, கொய்யாக்காய், இன்னொரு சொம்பு பால். ரேவதியின் முகம் ஒவ்வொரு "ஓபுலேசு"க்கும் ஒரு பிடி சுருங்கியது. கடைசியில் அவன் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துகொண்டு, வயிற்றைத் தடவியபடி சொன்னான்: "சார், என் வயித்துல இனிமே ஒரு வாக்கியத்துக்குக்கூட எடம் இல்ல."

"சரே, அடுத்ததை நானே துன்றேன்" என்றார் பெத்தாயன.

இதைக் கேட்டதுமே நான் எழுந்து போய்த் தடுத்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அவர் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்க்கவில்லை. மனிதருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், இன்னும் என்னென்னவோ. டாக்டர் சொன்னதைச் சுசீலாம்மா வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மாதக்கணக்காக அவருடைய டிபன் பாக்ஸில் ராகிக் களியும் வேகவைத்த சுரைக்காயும்தான் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு பருக்கைகூட வாயில் வைக்க மாட்டேன் என்று ஏழுமலையான் மேல் சத்தியம் வாங்கியிருந்தார்.

அன்று மேசையில் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா இருந்தது. அன்றைக்கு மேசைக்கு வந்த தின்பண்டம் எல்லாமே ஆராய்ச்சிக்காக வந்ததுதான், ஆகவே யாரும் யோசிக்கவில்லை. உண்மையில் அது எஸ்பெரான்ஸின் டப்பா. இன்னோசென்ட் ஊருக்குப் போகிறாரே என்று விடிவதற்கு முன்னால் எழுந்து, ராஜ்மாவும் வாழைக்காயும் போட்டு அவர்கள் ஊர்ச் சமையல் செய்து கொண்டுவந்திருந்தது. பத்திரமாக ஓரிடத்தில் வை என்று ஓபுலேசிடம் கொடுத்ததாம். தின்ற மயக்கத்தில் அவனுக்குத் தெரிந்த பத்திரமான இடம் அந்த மேசைதான்.

பெத்தாயன மூடியைத் திறந்தார். ரத்தச் சிவப்பான எண்ணெய் மினுமினுத்தது. நம் ரேஷன் கடைப் பாமாயில் இல்லை, பழத்தின் நிறமே மாறாத அவர்கள் ஊர்ப் பாமாயில். கண்ணாடிக்கு இந்தப்பக்கம் எனக்கே வாசனை வந்த மாதிரி இருந்தது. இன்னோசென்ட் பதறி வாயைத் திறந்தார். பெத்தாயன உதட்டில் விரலை வைத்தார். பார்ப்பவர் பேசக் கூடாது என்பதுதானே விதி? விதியென்றால் விதி என்கிற மனிதர் இன்னோசென்ட், வாயை மூடிக்கொண்டார்.

ஒரு கரண்டி போதும், ஆராய்ச்சிக்கு. முதல் கரண்டிக்குப் பெத்தாயனவின் கண் மூடிக்கொண்டது. அப்புறம் திறக்கவே இல்லை. டப்பாவைச் சாய்த்து, வழித்து, கரண்டியைத் திருப்பிப்போட்டு அடியைச் சுரண்டினார். இன்னோசென்ட் ஒவ்வொரு கரண்டியையும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடித்த நிம்மதியில் பெத்தாயன கரண்டியை மேசையில் வைத்துவிட்டு, எஸ்பெரான்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கை காட்டினார்.

அந்தப் பெண் உள்ளே வந்தது. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை. காலி டப்பாவைப் பார்த்தது. சுற்றிலும் பார்த்தது. நாற்காலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓபுலேசு கிடந்தான், போதாக்குறைக்கு அந்த நேரம் பார்த்து ஓர் ஏப்பமும் விட்டான். எஸ்பெரான்ஸ் விரலை நீட்டி, கிருண்டியில் பொரிந்து தள்ளிவிட்டது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் திட்டு எந்தப் பாஷையிலும் திட்டுதானே? பக்கத்திலிருந்த ரேவதி கிசுகிசுத்தாள்: "மேடம், ஓபுலேசு தன்னோட ராஜ்மாவை எல்லாம் தின்னுட்டான்னு சொல்லுது."

ஓபுலேசுக்கு எதுவும் விளங்கவில்லை, விரல் தன்பக்கம் நீண்டதால் எழுந்து கும்பிட்டான். இன்னோசென்ட்டால் அதைப் பொறுக்க முடியவில்லை. செய்யாத தப்புக்கு ஒருவன் கும்பிடுகிறான். அவர் எழுந்து நின்று, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். கிருண்டிச் சொற்கள் இரண்டு வந்தன. வாக்கியத்தின் கடைசியில், எனக்கும் ஓபுலேசுக்கும் நன்றாகப் புரிகிற மாதிரி ஒரே ஒரு சொல் வந்து உட்கார்ந்தது.

"...பெத்தாயன."

ரேவதி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. "வந்துடுச்சு மேடம்! முழு வாக்கியம்! வந்துடுச்சு!"

எஸ்பெரான்ஸ் மெதுவாகத் திரும்பியது. பெத்தாயனவின் வெள்ளைச் சட்டையில் மார்புக்கு நேராக ஒரு சிவப்புச் சொட்டு. வேறு எந்த மனிதராக இருந்தாலும் அந்தக் கணத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பார், அல்லது ஓடியிருப்பார். இவர் கண்ணாடியைத் தட்டினார்.

"ரெகார்டர் ஓடுதா?"

"ஓடுது சார்!"

"இன்னா சொன்னான்?"

ரேவதி மைக்கில், சந்தோஷத்தில் குரல் நடுங்கச் சொன்னாள்: "ராஜ்மாக்கள் தின்றன பெத்தாயன. வினை ராஜ்மாவோட பன்மைக்குப் பொருந்துது சார்! செஞ்ச ஆள் கடைசில வர்றார் சார்!"

"பலே. அது சரி, பெத்தாயன யாரு?"

நாங்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, இன்னோசென்ட் அதுதான் அவர் பெயர் என்றே நினைத்திருக்கிறார். நான் ஹெட்போன் ஒயரை ஆராய ஆரம்பித்தேன். கடைசியில் ஓபுலேசுதான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீங்கதான் சார்."

அவர் கோபிக்கவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரிகூட இருந்தது. அதற்குள் இன்னோசென்ட் ஆங்கிலத்தில் விஷயத்தை விளக்கிவிட்டார். டப்பா யாருடையது, எதற்காகச் சமைத்தது, அந்த எண்ணெய் எஸ்பெரான்ஸின் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய பாட்டிலின் கடைசிச் சொட்டு என்பதெல்லாம். பெத்தாயனவின் முகம் செத்துவிட்டது. அவரை அப்படி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. இரண்டு கையையும் கூப்பினார். "அம்மா, நான் டேட்டான்னு நெனச்சிட்டேம்மா" என்று தமிழிலேயே சொன்னார். எஸ்பெரான்ஸுக்கு என்ன புரிந்ததோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேட்டது: "நான் ருசிகூடப் பார்க்கவில்லை. எப்படி இருந்தது?"

"ஆஹா" என்றார் பெத்தாயன. அத்தனை மாதச் சுரைக்காயும் அந்த ஆஹாவில் இருந்தது. அந்தப் பெண்ணே சிரித்துவிட்டது.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. வழி தெரிந்துவிட்டதே! யார் என்று கேட்டால் ஒரு சொல்தான் வரும், தப்பான ஆள்மேல் பழி போட்டால் முழு வாக்கியமே வரும். இன்னோசென்ட் விமானம் ஏறும்வரை ஓபுலேசு பூந்தொட்டியை உடைத்தான், குடையைத் திருடினான், சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டான் என்றெல்லாம் எஸ்பெரான்ஸ் குற்றம் சாட்டியது. இன்னோசென்ட் ஒவ்வொரு தடவையும் பதறி எழுந்து அவனைக் காப்பாற்றினார். ஒவ்வொரு தடவையும் செய்த ஆள் வாக்கியத்தின் கடைசியில் வந்து நின்றார். சம்பவத்தை வேறு யாராவது செய்துவிட, அவன் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்தால் போதும் என்றானதில் ஓபுலேசுக்கு மகா திருப்தி.

ஆனாலும் முதலில் வந்த ராஜ்மா வாக்கியம்தான் எல்லாவற்றிலும் சுத்தமானது. ரேவதி அதை எடுத்துக்கொண்டு பெத்தாயனவின் அறைக்கு வந்தாள், நானும் இருந்தேன். "சார், வீட்டுல சுசீலாம்மாவுக்குத் தெரிஞ்சா உங்களுக்குக் கஷ்டம். 'பெத்தாயன'வை எடுத்துட்டு 'பிள்ளைகள்'னு மாத்திடட்டுமா?"

அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார். ஏழுமலையான் மேல் செய்த சத்தியம் நினைவுக்கு வந்திருக்கும். மாற்றிவிடலாமே என்கிற ஆசை அவர் முகத்தில் வந்து போனதை நான் பார்த்தேன்.

"இன்னோசென்ட் பிள்ளைகள்னா சொன்னான்?"

"இல்ல சார்."

"அப்புறம் இன்னா? சொன்னது சொன்னதுதான்." கொஞ்சம் பொறுத்து, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "பெத்தாயனன்னா யாருன்னு வெளிய யாருக்குத் தெரியப்போவுது?"

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. எங்கள் துறையில் ஒரு வழக்கம், அன்று நெறியாளர் வீட்டுச் சாப்பாடுதான் எல்லோருக்கும். சுசீலாம்மா புளியோதரை, தயிர்சாதம், பாயசம் எல்லாம் தூக்குகளில் கொண்டுவந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். வழக்கப்படி நான் பதிவுக் கருவியை வைத்திருந்தேன். ரேவதியின் நைனா வெள்ளை வேட்டியில் வாசலோரம் நின்றிருந்தார், உள்ளே வாங்க என்றால் வரமாட்டேன் என்கிறார்.

அதே புறத்தேர்வாளர்தான் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், சிரிக்கிற பழக்கமில்லாதவர். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"இந்த ராஜ்மா வாக்கியம். யாரும்மா இந்த பெத்தாயன?"

ரேவதி தன் பிரதியில் அந்தப் பக்கத்தைத் தேடினாள்.

"நிஜ மனுஷரா, கற்பனையா? நிஜமாவே இவர்தான் சாப்பிட்டாரா? கேட்ட பொண்ணுக்கு அது தெரியாதா? போன தடவையும் இதைத்தான் கேட்டேன். இதுக்குப் பதில் இல்லைன்னா இந்த அத்தியாயம் நிக்காது."

அவள் பெத்தாயனவைப் பார்த்தாள். பிறகு கடைசி வரிசையில் சுசீலாம்மாவைப் பார்த்தாள். கற்பனை என்று சொன்னால் அத்தியாயம் போயிற்று, பட்டம் போயிற்று, குப்பம் போயிற்று. நிஜம் என்றால் குருவை அவர் பெண்டாட்டி எதிரிலேயே காட்டிக்கொடுக்க வேண்டும். நெற்றியில் வியர்வை ஓடியது. வாசலில் அவள் நைனா வேட்டி நுனியைக் கசக்கிக்கொண்டிருந்தார். கர்த்தரே, இந்தப் பிள்ளையைக் காப்பாற்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பெத்தாயன எழுந்து நின்றார்.

"துன்னது நான்தான் சார்."

புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். பெத்தாயன கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஒன்றுவிடாமல் சொன்னார். டப்பா எப்படி மேசைக்கு வந்தது, ஒரு கரண்டியோடு நிறுத்தாமல் எப்படி அடிவரை சுரண்டினார், அந்தப் பெண் யார்மேல் பழி போட்டது, இன்னோசென்ட் எழுந்து நின்று என்ன சொன்னார். "கேட்ட பொண்ணுக்குத் தெரியாது சார். அது தப்பா நெனச்சிகினு இருந்திச்சு. அதனாலதான் அந்த வாக்கியம் வந்திச்சு. இதுல ஒரு எழுத்துகூட பொய் கெடையாது" என்று முடித்தார். கடைசி வரிசைப் பக்கம் மட்டும் அவர் திரும்பவே இல்லை.

நாங்கள் எல்லோரும் திரும்பினோம். சுசீலாம்மா பாயசத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். புறத்தேர்வாளர் விடுகிற ஆள் இல்லை. "அம்மா, இவர் சொல்றது நிஜம்தானா? அன்னிக்கி வீட்டுக்கு வந்தப்ப, எங்க சாப்பிட்டீங்கன்னு நீங்க கேக்கலையா?"

"எதுக்கு சார் கேக்கணும்?" என்றார் சுசீலாம்மா. "சட்டை நெஞ்சுல செவப்பா கறை. நம்ம ஊர்ல எந்தக் கொழம்பு எண்ணெயும் அந்தக் கலர்ல கெடையாது. களியைத் தொடாம, ஏப்பம் விட்டுகினு, சிரிச்சிகினே தூங்கறாரு. எங்கியோ நல்லா துன்னுட்டு வந்துகீறாருன்னு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சதைக் கேட்டா அது கேள்வியே இல்லன்னு கண்ணாலம் ஆன நாளா இவருதான் சொல்லிகினு கீறாரு."

முதலில் சிரித்தது யார் தெரியுமா? அந்தப் புறத்தேர்வாளர். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதற்கப்புறம் கூரை பிய்த்துக்கொண்டது. ஓபுலேசு சிரித்தான், காரணம் புரியாமலேயே ரேவதியின் நைனா சிரித்தார், ரேவதி அழுதுகொண்டே சிரித்தாள். "வேற எந்தக் கேள்வியும் இல்லை" என்று சொல்லி அவர் பேனாவைத் திறந்தபோதும் கை குலுங்கிக்கொண்டுதான் இருந்தது. கையெழுத்து கோணலாக விழுந்தது. அந்தக் கோணல் கையெழுத்தோடுதான் ரேவதி குப்பத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் பெத்தாயன மெல்ல என் பக்கம் குனிந்தார்.

"ரெகார்டர் ஓடுதா?"

"ஓடுது சார்."

அத்தனை வருஷத்தில் ஒரு தும்மலைக்கூட அழிக்க விடாத மனிதர், மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, என் காதோடு சொன்னார்: "அழிச்சிடு."

ஹரிணி, பதிவின் கடைசியில் உனக்குக் கேட்ட குரல் அதுதான். அழிக்கச் சொன்னது அவர்தான். அழிக்காமல் வைத்தது நான்தான்.